என் கொடிக்கு வராத தேனீக்கள்

முருகன் துணை
கந்தர்வக்கோட்டை

சிங்கப்பூரில் சீரோடு இருக்கும் என் உடன்பிறந்த தம்பி சிவபிரகாஷுக்கு அக்கா மணிமேகலை மனதார வாழ்த்தி எழுதுவது. இங்கிட்டு நானும் உன் மச்சானும் சுகம். பூசணிக்கொடிதான் சுகமில்லை. போனில் சொல்லலாம், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பிளெஸ்ஸி டீச்சர் இருக்கிறாள். அதனால் லீவு முடிந்து திரும்பும் முத்துராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவரை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டுவேன். பிரிந்திருந்தால் உடனே தெரிவி.

கறம்பக்குடியில் உன் வீட்டு வேலை பாதியில் நின்றபோது மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன் அல்லவா, வீடு முடிந்தால் கிரகப்பிரவேசத்தன்று கடைப் பூசணி கட்டாமல் என் கையால் நட்டு வளர்த்த பூசணியைத்தான் வாசலில் கட்டுவேன் என்று. அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். தை மாதம் நாளும் குறித்தாயிற்று. என் பங்குதான் காய்க்க மாட்டேன் என்கிறது. கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கிறது, பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு நிற்கிறது, பிறகு அப்படியே வெம்பி உதிர்கிறது. உதிர்ந்த பிஞ்சையெல்லாம் கணக்கு நோட்டில் செலவுப் பக்கம் எழுதி வருகிறேன். வரவுப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. வேண்டுதல் தவறினால் அம்மன் என்னை மட்டும் கேட்டால் பரவாயில்லை, உன் வீட்டைக் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

காரணம் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். டீச்சர் வீட்டுத் தோட்டத்தில் தேனீ மொய்க்கிறது. நம் வீட்டு வாசனை ஆகாத மாதிரி சுவரோடு திரும்பிவிடுகிறது. அவள் சூரியகாந்தி, செண்டு, திருநீற்றுப்பச்சிலை என்று வரிசையாக வைத்திருக்கிறாள், அதுகூடப் போகட்டும், கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டிருக்கிறாள். குடித்தனம் பண்ணுகிற எவளாவது மல்லியைப் பூக்க விடுவாளா? ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கூழாங்கல் போட்டு வெயிலில் வைக்கிறாள். கல்லை எதற்குத் தண்ணீரில் போட வேண்டும்? போதாததற்குச் சுவரோரம் எதையோ சாக்குப் போட்டு மூடி, காலையும் மாலையும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் சாக்கை இழுத்துவிட்டுச் சிரிக்கிறாள். ஆவூர்க்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற பெண், நல்ல மாதிரி என்று நினைத்திருந்தேன்.

உன் மச்சான் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனதிலிருந்து என்னிடம்தான் சில்லறை கேட்கிறார். பழி எல்லாம் நான் கட்டின கொசுவலை மேல்தானாம். என் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சாமிக்குப் போகிற பூ. தேனீ வாய் வைத்தால் எச்சில் ஆகிவிடாதா? அதனால்தான் பந்தலோடு சேர்த்துத் தோட்டத்தையே வலையால் மூடினேன். அதற்கு அவர், “வருசா வருசம் முருகனுக்குத் தேன்ல அபிசேகம் பண்றியே, அது யாரு எச்சி?” என்றார். அது சீல் வைத்த பாட்டிலில் வருகிறது என்றேன். பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஆகவே தம்பி, கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு நீ எழுதின பட்டியலில் டீச்சர் குடும்பத்தை அடித்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் ஜஸ்டின்தான் உன் வீட்டுக்கு வயரிங் செய்தார் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதையும் ஒரு தடவை வேறு ஆளை விட்டுப் பார்க்கச் சொல். எல்லா சுவிட்சையும் போட்டு அணைத்துப் பார்க்கட்டும்.

கந்தன் அருளால் உன் வாசல் நிறைந்து, அடுப்பு அணையாமல், நீங்கள் எல்லாரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அக்கா மணிமேகலை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் டீச்சர் சுவர் வழியாகக் கூப்பிட்டாள். போனேன். சாக்கைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வைக்கோல் மேல் குடம் மாதிரி ஒரு வெண்பூசணி. நம் கொடிதான். வலைக்கு அடியில் நழுவி, சுவர் ஏறி, அந்தப் பக்கம் போய்க் காய்த்திருக்கிறது. “கண்ணு பட்டுரும்னு நீங்க பயப்படுவீங்களேன்னு மூடி வச்சேன்க்கா. தம்பி வீட்டுக்குத்தானே?” என்றாள். இந்தப் பக்கம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். “தேனீ பூவுக்குப் பூ போய் ஒக்காந்தாத்தானே காய் பிடிக்கும்? ஒங்க வலைக்குள்ள அது எங்கிட்டு நொழையும்? கொசுத் தொந்தரவோ, சாமி காரியமோன்னு நானும் கேக்கல.” தட்டில் இருந்த கல்லும் தேனீ முழுகாமல் நின்று தண்ணீர் குடிக்கத்தானாம்.

அதனால் அடித்த பேரை நீயே மறுபடி சேர்த்துக்கொள், மேலேயே போடு. சுவிட்சு எதையும் பார்க்க வேண்டாம். பூசணிப் பக்கத்து வலையைக் கழற்றிவிட்டேன்; பூசைப் பூ விஷயத்தை முருகனிடம் கேட்டுச் செய்கிறேன். நோட்டில் வரவு ‘பூசணி ஒன்று’ என்று எழுதியாயிற்று. யாரிடமிருந்து என்ற இடத்தில் ‘தேனீ’ என்று எழுதச் சொல்லி உன் மச்சான் பக்கத்தில் நிற்கிறார். எழுதலாம்தான். ஆனால் டீச்சர் இன்னும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்ன எழுதுகிறேன் என்று. எதற்காக இருக்கும்?