பத்துமலையில் போன குரல்

பத்துமலை அடிவாரத்தில், பதினான்கு கைப்பேசிகள் கிடந்த பையை மடியில் வைத்துக்கொண்டு சகாயராணி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"மணி மூணு. ஆறரைக்குக் கச்சேரி. சுவேதாவும் ஆரோக்கியசெல்வியும் எங்கய்யா?"

"எனுக்கு இன்னா தெரியும்? போன் பண்ணிப் பாரு," என்றான் அவள் கணவன் பாக்யராஜ்.

"எந்தப் போனுக்கு? அவளுங்க போனும் இந்தப் பையிலதான் கெடக்குது!"

செல்ஃபி எடுத்தே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று காலையில் அவள்தான் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்திருந்தாள். வில்லியனூர்ப் பக்கம் பதினோரு வருஷமாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாடி வந்த அவளுடைய மாதா கோயில் பாடகர் குழு, முதன்முதலாக விமானமேறிக் கோலாலம்பூர் வந்திருந்தது. இன்றைக்குப் பாட்டு பிடித்துப்போனால் கிறிஸ்துமஸுக்கும் கூப்பிடுவார்கள். இவர்களோ மூன்று நாளாக ஊர் சுற்றினார்களே தவிர, ஒத்திகைக்கு ஒருதரம்கூட உட்காரவில்லை.

"எல்லாரும் மேல ஏறித் தேடுங்க. பேரச் சொல்லிக் கத்துங்க!"

மீதிப் பேர் முருகன் கோயிலின் அத்தனை படியும் ஏறி, குகைக்குள் முக்கால் மணி நேரம் கத்தினார்கள். தொலைந்த இருவரும் பஸ்ஸில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தவர்களுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"சூடா இஞ்சி டீ குடிங்க. சீக்கிரம்!" என்று சகாயராணி விரட்டினாள்.

அவசரத்தில் குடித்ததில், குரல் மிஞ்சியிருந்த சுவேதாவுக்கும் ஆரோக்கியசெல்விக்கும் நாக்கு வெந்துபோனது.

மண்டபத்துக்கு வந்தபோது ஆறு இருபது. அழைத்திருந்த சபையின் தலைவி வெண்ணிலா அவர்களைத் திரைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, மைக்குகளைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

"சுருதி புடிங்க," என்றாள் சகாயராணி.

வந்தது வெறும் காற்று.

"இன்னாடி இது? தண்ணி வராத பம்புசெட்டு மாரி புஸ்ஸுன்னுது! எட்டு மாசம் தொண்ட தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தேனே, இதுக்குத்தானா?"

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஜனங்க அங்க சிரிச்சிக்கினு சந்தோஷமா ஒக்காந்திருக்குது. நம்ம பாட்டக் கேட்டா அழப்போவுது! யோவ், நீ இன்னா இளிக்கிற? பிளேன்ல குடுத்த ஸ்பூன நீ பையில போட்டுக்கினது எனுக்குத் தெரியாதா?"

பாக்யராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெட்டக் கோபுரத்த நீங்கல்லாம் அண்ணாந்து பாத்தீங்க. நான் ஒங்க தலய எண்ணிக்கினு நின்னேன். எனுக்கு மட்டும் ஆச இல்லியா? இந்த ஊருல நான் பாத்ததெல்லாம் ஒங்க மூட்டதான்!"

குரல் உடைந்தது. திரை உயர்ந்தது.

ஒரு வரிகூடப் பாடவில்லை. அதற்குள் மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. சகாயராணிக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. வெளிநாட்டு ஜனங்களுக்கு என்ன மரியாதை!

பாட்டு பாதி காற்றாகவே வந்து முடிந்தது. கைத்தட்டலும் அதற்கேற்றபடிதான் இருந்தது.

"மன்னிச்சிடும்மா, மானம் போயிடிச்சி," என்றாள் சகாயராணி, வெண்ணிலாவிடம்.

வெண்ணிலா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வரணும் அக்கா. பாட்டுக்கூட வேணாம், திரை தூக்குறதுக்கு முன்னாடி மைக்குல திட்டுனீங்களே, அதையே ஒரு மணி நேரத்துக்கு வச்சுக்குங்க!"