மச்சான் காருக்கு மூளை மாற்றிய மதியம்

மூன்று வீடியோ பார்த்தவனுக்குத் தெரியாத தொழில் உலகத்திலேயே கிடையாது. (நாலாவது பார்த்தால்தான் சந்தேகம் வரும். நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன்.)

அக்கா தலைப்பிரசவத்துக்காக மீன்சுருட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மச்சானுக்கு தா.பழூரில் வாத்தியார் வேலை. "அவசரத்துக்கு இருக்கட்டும்டா" என்று தன் டீசல் காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, அவர் பஸ்ஸில் போய்வந்தார்.

நல்ல கார். சிமெண்ட் லாரியை முந்தும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கும். இன்ஜினை ஆட்டி வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான், அதில் இருக்கும் புரோகிராமை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினால் கார் பறக்கும் என்றது வீடியோ. நான் கம்ப்யூட்டர் படித்தவன், வேலையில்லாமல் வீட்டில் இருந்தவன். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்தக் காரும் தாங்காது.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அம்மாவும் அக்காவும் சாப்பிட்டுப் படுத்ததும் காரில் ஏறி, ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒயரைச் சொருகி, லேப்டாப்பை மடியில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். பழைய புரோகிராம் அழிந்தது. புதியது ஏற ஆரம்பித்தது. 'முடியும்வரை எதையும் தொடாதே, பேட்டரி இறங்கினால் எல்லாம் போச்சு' என்று திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.

பாதி ஏறியிருக்கும். வாசலில் அம்மா அலறினாள்.

"டேய், அக்காவுக்கு வலி வந்துடுச்சுடா! வண்டிய எடு!"

"கொஞ்ச நேரம் பொறும்மா."

"அத வயித்துல இருக்கிற புள்ளகிட்ட சொல்லு!"

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

"படமாடா பாக்குற?"

"கார் அப்டேட் ஆகுதுக்கா."

அடுத்த வலி வந்தது. என் மணிக்கட்டை முறித்துவிடுவது போலப் பிடித்தாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுபது. எண்பது. பச்சைக்கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. வலி மட்டும் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. தொண்ணூறைத் தாண்டியதும் எனக்கு உயிர் வந்தது.

"வேர்க்குதுடா" என்று அக்கா ஏசி ஃபேனை முழுசாகத் திருகினாள்.

"தொடாதக்கா!"

கோடு நின்றது. திரையில் ஒரே வரி: தோல்வி. சாவியைத் திருப்பினேன். கார் இருமக்கூட இல்லை.

நான் ரோட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு செல்வராசு அண்ணன் தன் குட்டியானை மினிலாரியிலிருந்து முந்திரி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மிச்ச மூட்டையை அப்படியே ரோட்டோரம் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அக்கா முன்னால், அம்மாவும் நானும் பின்னால் காலிச் சாக்குகளுக்கு நடுவே. ஒவ்வொரு வேகத்தடையிலும் அக்கா என் பேரைச் சொல்லிக் கத்தினாள். (பேருக்கு முன்னால் சேர்த்தவற்றை அச்சில் போட முடியாது.) ஜெயங்கொண்டம் தாண்டியதும் அவள் சத்தம் நின்றுபோனது. அதுதான் பயங்கரம். அம்மா என்னைத் திட்டவில்லை, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மொட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றும் தோன்றியது.

அரியலூர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

மச்சான் பஸ் பிடித்து ஓடி வந்தார். குழந்தையைக் கையில் வாங்கி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா குட்டியானையில வந்தீங்க? கார் என்னாச்சு?"

என் வாயில் வந்தது இதுதான்: "மச்சான், குழந்தை உங்கள மாதிரியே இருக்கு."

காரைக் கட்டி இழுத்துத் திருச்சிக்குக் கொண்டுபோய் உயிர் கொடுத்தார்கள். மச்சான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. பால் பொங்கி வழிந்தாலும், செல்போன் கிணற்றில் விழுந்தாலும், கேள்வி வரும் முன்பே எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம்.

போன வாரம் அந்தக் குழந்தை எழில், கணக்குப் பரீட்சைப் பேப்பரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மச்சான் முன்னால் நின்றாள்.

"எவ்வளவும்மா மார்க்கு?"

"அப்பா, குழந்தை உங்கள மாதிரியே இருக்குப்பா."