ஹுஃபூஃப் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கியவன்

ரயில் நின்றால் என் கால் நிற்காது. எந்த ஊர், எவ்வளவு நேரம் நிற்கும் என்ற விசாரணையெல்லாம் பிறகுதான். முதலில் இறங்கிவிட வேண்டும். விருதுநகரிலிருந்து எழும்பூர் வரை வண்டி நின்ற இடத்திலெல்லாம் பாட்டிலோடு இறங்கி, குழாயில் தண்ணீர் பிடித்து, வண்டி நகர்ந்த பிறகு நாலடி ஓடிக் கம்பியைப் பிடித்து ஏறுவதை ஒரு தகுதியாகவே நினைத்திருந்தேன். (பயோடேட்டாவில் அதற்கென்று இடம் விடாததால் போடவில்லை.) இந்தத் தகுதியை சவூதி அரேபியாவில் காட்டப்போய் என்ன ஆயிற்று என்பதை இருபது வருடம் கழித்து, ரோஷமெல்லாம் ஆறிப்போன நிலையில் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஜுபைலில் ஒரு ஆலையில் டெக்னீஷியனாக இருந்தேன். ஐந்து வருடம் கேம்ப்பில் ஆறு பேரோடு ஒரே ரூமில் கிடந்து, ஒருவழியாக ஃபேமிலி விசா கிடைத்து, மனைவி செல்வி வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. செல்வியின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் பெண் பார்க்கப் போனபோது சம்பளத்தைக் கேட்கவில்லை. எந்த வண்டியில் வந்தீர்கள், எத்தனை நிமிடம் லேட் என்று கேட்டார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், ஜுபைலுக்கு வந்த மூன்றாம் நாளே, இந்த ஊரில் ரயில் இல்லையா என்று என்னவோ நான்தான் அதை விற்றுத் தின்றுவிட்டது போலக் கேட்டாள்.

ரியாத்துக்கும் எங்கள் பக்கத்து ஊரான தம்மாமுக்கும் நடுவே ஒரு ரயில் ஓடியது. அதைக் காட்டுகிறேன் பார் என்று சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தேன். நண்பரின் காரில் ரியாத் போய், இரண்டு நாள் ஊர் பார்த்து, பத்தா கடைத்தெருவில் அவளுக்கு மல்லிகைப்பூவும் எனக்குச் செருப்பும் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ரயிலில் தம்மாம் வருவதாகத் திட்டம்.

இங்கே இகாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே வெளிநாட்டுக்காரன் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி அது. பழுப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம். மனைவியின் போட்டோவும் அதற்குள்ளேதான். அவளுக்கென்று தனியாகக் கிடையாது. ஊர் விட்டு ஊர் போக கஃபீல், அதாவது நம்மை வேலைக்கு எடுத்த முதலாளி, முத்திரை குத்திய கடிதமும் வேண்டும். ரியாத் ஸ்டேஷனில் இரண்டையும் டிக்கெட்டையும் காட்டி முடித்ததும், நான் எங்காவது தொலைத்துவிடுவேன் என்று செல்வி வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எங்களிடம் இருந்த ஒரே செல்போன் என் சட்டைப் பையில் இருந்தது.

ஸ்டேஷன் விமான நிலையம் போல இருந்தது. பெட்டிகளை மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். குடும்பங்களுக்குத் தனிப் பெட்டி, ஏசி, திரை எல்லாம் உண்டு. செல்விக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஜன்னல் திறக்கவில்லை, வடை வரவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே விசில் சத்தம் கேட்கவில்லை. கார்டு எங்கே நிற்கிறார், கொடி காட்டுகிறாரா இல்லையா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். இங்கே எல்லாம் கம்ப்யூட்டர் என்று சொன்னேன். (எனக்கு ஒரு இழவும் தெரியாது.)

புளியோதரை சாப்பிட்டதில் தண்ணீர் தீர்ந்தது. சரியாக அப்போது ஹுஃபூஃப் ஸ்டேஷன் வந்தது. பச்சை பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இறங்காதீங்க," என்றாள். "இந்த வண்டி எப்பக் கெளம்பும்னு எனக்கே தெரியல. கேன்டீன்ல வாங்கிக்கலாம்."

ரயிலில் தண்ணீரை வாங்கிக் குடிப்பவர்களை நான் ஆம்பளையாகவே மதித்ததில்லை. பெரிய ஸ்டேஷன், குறைந்தது ஐந்து நிமிடம் நிற்கும் என்று கார்டு மகளுக்கே ரயில் பாடம் எடுத்துவிட்டு இறங்கினேன்.

பிளாட்பாரம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குழாய் இல்லை. குழாய் இல்லாத பிளாட்பாரம் உலகத்தில் இருக்க முடியாது என்ற நம்பிக்கையில் கடைசிவரை நடந்தேன். பின்னால் மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பினால் கதவுகள் மூடியிருந்தன. ஓடினேன். பிடிப்பதற்குக் கம்பியே இல்லை. கண்ணாடியைத் தட்டினேன், உள்ளே இருந்த ஒருவர் என்னையும் பாட்டிலையும் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினார். வண்டி போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. பாஷை தெரியாத ஊருக்குச் செல்வி தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள். பெண்கள் தனியாக வெளியே நடமாட முடியாத காலம். அவளிடம் போன் இல்லை. என்னிடம் இகாமா இல்லை, கடிதம் இல்லை, டிக்கெட்டும் இல்லை. டாக்ஸி பிடித்தால் முதல் செக்போஸ்ட்டிலேயே உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள்.

ஸ்டேஷன் அதிகாரி வந்தார். இகாமா எங்கே என்றார். மதாமிடம், அதாவது மனைவியிடம், இருக்கிறது என்றேன். மதாம் எங்கே? ரயிலில். ரயில் எங்கே? கையை நீட்டிக் காட்டினேன். அவர் நான் காட்டிய திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டார். முனியசாமி, முதுகுளத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் கதையை அழாத குறையாக அவரிடம் சொன்னேன். அவர் முழுதும் கேட்கவில்லை.

"வாரத்துக்கு ஒருத்தர் நம்மாளு இப்படி இறங்கிருறாக தம்பி. எல்லார் கையிலயும் பாட்டில் இருக்கும்."

அதிகாரி நல்ல மனிதர். தம்மாம் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, வண்டி வந்ததும் மதாமைப் பெண்கள் அறையில் உட்கார வைக்கச் சொன்னார். அடுத்த வண்டியில் என்னை ஏற்றிவிட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். சுலைமானி டீ வரவழைத்தார். அதைக் குடிக்க முடியவில்லை. அவள் அழுதுகொண்டு நிற்பாளோ, யாராவது மிரட்டுவார்களோ, என்னைத் தேடி வழியில் இறங்கித் தொலைத்திருப்பாளோ என்று ஒன்றரை மணி நேரம் செத்துப் பிழைத்தேன். கூட்டிக்கொண்டு வந்து நாற்பது நாளில் ஒரு பெண்ணைத் தொலைத்தவன் அவள் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

போன் அடித்தது. அதிகாரி பேசினார், பேச்சுக்கு நடுவில் என் கையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். முனியசாமியிடம் அரபியில் ஏதோ சொன்னார். முனியசாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"அம்மா பத்திரமா இருக்காகளாம். தண்ணி பிடிச்சாச்சான்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னாகளாம்."

தம்மாமில் நான் போய் இறங்கியபோது செல்வி பெண்கள் அறையில் ஒரு எகிப்துக்கார அம்மாளோடு பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியும், செல்வி பி.காம். மீதிப் புளியோதரை அந்த அம்மாளின் குழந்தைகளுக்குப் போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கைப்பையைத் திறந்து இகாமாவை என் சட்டைப் பையில் செருகினாள்.

"நான் எங்க போயிரப் போறேன்? இது இல்லாம உங்கள எங்க புடிச்சிட்டுப் போயிருவாங்களோன்னுதான் பயந்து செத்தேன்," என்றாள்.

அவள் பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். காலி. அதற்குப் பிறகு ஜுபைல் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அடுத்த லீவில் ஊருக்குப் போன அன்றே அது காற்றில் போயிற்று. லீவு முடிந்து சென்னைக்கு வண்டி ஏற வந்தபோது, மாமனார் எங்களை ஏற்றிவிட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் நேரே பின்பக்கம் நடந்து போய் வண்டியின் கார்டிடம் ஏதோ சொன்னார். கார்டு இறங்கி எங்கள் பெட்டிவரை வந்து, ஜன்னலில் குனிந்து, நான் உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போனார். அதன் பிறகுதான் விசில் கேட்டது.

மாமனார் இப்போது இல்லை. ஆனால் அந்த லைனில் அவர் பழக்கிவிட்டுப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன மாதம் விருதுநகரில் ஏறினோம். முன்பின் பார்த்திராத ஒரு கார்டு, கையில் பச்சைக் கொடியோடு வந்து, என் ஜன்னலில் தட்டி, மரியாதையாகக் கேட்டார்.

"சார், தண்ணி பிடிச்சாச்சா? வண்டிய எடுக்கலாமா?"