எட்டுப் பேரும் மூன்று டீமும்

இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவன் கையில் ஒரு மாதத்துக்கு எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. அரைகுறையாகக் கற்றவனைவிட, அதற்குச் சான்றிதழும் வாங்கியவன் ஆபத்தானவன். என் சான்றிதழ் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது (புடவைகளுக்கு அடியில், குப்புற).

காரைக்காலில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி அன்வர் பாய், திருமலைராயன்பட்டினத்துக்காரர். அவர் நீங்கலாக எட்டுப் பேர், ஒரு நீள மேசை, இரண்டு ஃபேன். மண்டபத்தூர் படகுக்காரர்கள் கரையில் நின்றபடியே போனில் மீனை ஏலம் விட ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். அது சரியாக வராவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று பாய் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, சின்னச் சின்ன டீம்களாக, கொஞ்சம் கொஞ்சமாக சாஃப்ட்வேர் செய்யும் அஜைல் முறையைக் கற்றுவரச் சொல்லி என்னைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே சொன்னதில் இரண்டு விஷயங்கள் மனதில் ஆணியடித்து நின்றன. ஒரு டீமில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. யார் எந்த டீம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ள விடவேண்டும்.

வந்ததும் டீம்களைப் பிரிக்கப்போவதாக அறிவித்தேன். ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த கலைச்செல்வி மட்டும் வாய் திறந்தாள்.

“ஒம்பதுக்கு மேல போவக் கூடாதுன்னா, நாம எட்டுப் பேருதானே சார்? எதுக்குப் பிரிக்கணும்?”

இது மனப்பான்மை சார்ந்த விஷயம் என்றேன். (அப்படியென்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

விருப்பம்போல் சேர்ந்துகொள்ளச் சொன்னால் நம் ஆட்கள் எப்படிச் சேர்வார்கள்? ஊர்க்காரனோடு ஊர்க்காரன்தான். மண்டபத்தூர்க்காரர்கள் இருவர் படகு டீம், நெடுங்காட்டுக்காரர்கள் இருவர் வியாபாரி டீம், டவுன்காரர்கள் இருவர் ஏல டீம். கலைச்செல்வி மூன்றுக்கும் பொது. நான் தலைவன். ஒரே மேசையில் அட்டைப்பெட்டிகளை வைத்து எல்லை பிரித்தேன். ஒரு டீம் இன்னொன்றிடம் பேசுவதானால் என் வழியாகத்தான் பேச வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சார்ஜர் கேட்பதற்குக்கூட எனக்கு மெயில் வந்தது. நான் பூரித்துப்போனேன்.

இரண்டாம் வாரம் படகு டீம் கூட்டத்தில், இவர்கள் கூடைக் கணக்கில் போடுகிறார்கள், வியாபாரி பக்கம் கிலோ என்று இருக்கிறது என்றாள் கலைச்செல்வி. அதை வியாபாரி டீமில் சொல்ல வேண்டும் என்றேன். அங்கே சொன்னாள். ஏல டீம் வழியாக வர வேண்டும் என்றேன். அங்கும் போய்ச் சொன்னாள். இது படகு டீம் விஷயமாயிற்றே என்று திருத்தினேன். கடற்கரைக்காரர்களுக்கு மீன் என்றால் கூடை. வயல்பக்கத்து நெடுங்காட்டுக்காரர்களுக்கு எடை போடாத சரக்கு சரக்கே இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு டீ குடித்திருந்தால் தீர்ந்திருக்கும். டீக்கும் நான் தனித்தனி நேரம் போட்டிருந்தேன்.

மண்டபத்தூர் கரையில் வெள்ளோட்டம். பாயோடு நாங்கள் எட்டுப் பேரும் போயிருந்தோம். ஒரு படகின் சொந்தக்காரரான அஞ்சலை அக்காவுக்கு அன்று இருபது கூடை மத்தி. ஆப்பில் இருபது என்று போட்டார். நாகப்பட்டினத்து வியாபாரியின் போனில் அது இருபது கிலோவாகத் தெரிந்தது. ஏலம் எடுத்த கையோடு அவர், இருபது கிலோவுக்கு லாரி எதற்கு என்று ஐஸ் லாரியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டு, ஸ்கூட்டரில் ஒரு ஆளை அனுப்பினார். வந்தவர் கையில் ஒரு கட்டைப்பை.

அஞ்சலை அக்கா பையையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, இந்தப் பைக்குள்ள எந்தக் கூடைய மொதல்ல கொட்டுறது?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன் கெட்டால் அக்காவின் உழைப்பு போச்சு, எங்கள் மாடியும் போச்சு. இதை எந்த டீமுக்கு மெயில் போடுவது என்று நான் போனை எடுத்தேன். கலைச்செல்வி அதற்குள் வியாபாரிக்குப் போன் போட்டுவிட்டாள். நெடுங்காட்டுக்காரர்கள் லாரியை மடக்க பைக்கில் பறந்தார்கள், டவுன்காரர்கள் ஐஸுக்கு ஓடினார்கள், மண்டபத்தூர்க்காரர்கள் ஈரச்சாக்குகளைக் கொண்டுவந்து மீனை மூடினார்கள். யாரும் என் வழியாகப் பேசவில்லை. ஒரு மணி நேரத்தில் லாரி வந்து, மீன் தப்பியது.

பாய் என்னையே பார்த்துக்கொண்டு, யார் செய்த தப்பு என்று கேட்டார். கலைச்செல்வி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை அங்கேயே போயிருக்கும்.

“நம்ம டீம் தப்புதான் பாய்” என்றாள்.

அவள் காலில் விழுந்திருக்க வேண்டிய நான், சான்றிதழ் பெற்றவன், கேட்டேன்: “எந்த டீம்?”

முதலில் சிரித்தது அஞ்சலை அக்காதான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். என் வேலை பிழைத்தது, தலைமை மட்டும் கலைச்செல்விக்குப் போனது. அவள் செய்த முதல் வேலை அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது. அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதன்பிறகு பேச்சு நின்றபாடில்லை. இரண்டு வருடத்தில் கல்யாணம்.

இன்றும் வீட்டில் நான் “நம்ம” என்று தொடங்கினால் போதும், மனைவி, மச்சான், மாமியார் எல்லோரும் ஒரே குரலில் “எந்த டீம்?” என்கிறார்கள். போன வாரம் என் நான்கு வயது மகளும் கேட்டாள். அவளுக்கு ஆப்பும் தெரியாது, அஜைலும் தெரியாது. அப்பாவிடம் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.