நவமியில் உடைந்த குழாய்

வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிவிட்டால் மாதாமாதம் பணம் தானாக வந்து விழும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். (சிரிக்காதீர்கள், நீங்களும் ஒரு காலத்தில் நம்பியிருப்பீர்கள்.) வீடு என்பது நம் சம்பளத்தில் மூன்று வேளையும் சாப்பிடும் இன்னொரு பிள்ளை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டை வங்கிக் கடனில் வாங்கினேன். ஆள் குடிவரவில்லை என்றால் தவணை என் மனைவி கலாவின் சம்பளத்திலிருந்து போகும். அதனால் பராமரிப்பு, மதிப்பீட்டு வரி, பெயின்ட், குழாய்க்காரர் கூலி என்று செலவுகளைப் பட்டியல் போட்டு, முடிந்ததையெல்லாம் வெட்டினேன். வரியை வெட்ட முடியவில்லை. குழாய்க்காரரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.

காப்புறுதியில், அதாவது வீட்டு இன்சூரன்ஸில் மட்டும் கலா கை வைக்க விடவில்லை. ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார்.

"இன்னிக்கே ஸ்டார்ட் பண்ணிடலாமா அண்ணே?"

நான் காலண்டரைப் பார்த்தேன். "இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. தசமியில போடுங்க லா."

"இது என்ன கல்யாணமாங்க?" என்றாள் கலா.

"நல்ல காரியம்னா நாள் பார்க்கணும்," என்றேன், பெரிய மனுஷத் தோரணையில். ஏஜெண்ட் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தசமித் தேதியை எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஓர் ஆசிரியர் குடும்பம் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் அன்றே முன்பணம். போய்ப் பார்த்தால் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு திருகினேன். நின்றது. என் திருப்திக்காக இன்னொரு திருகு. குழாய் கையோடு வந்துவிட்டது.

கேமரன் மலைத் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். உள்ளங்கையால் அடைத்தேன், முகத்தில் பீய்ச்சியது. முதுகால் அடைத்தேன், உயிரே போனது. மெயின் வால்வு எங்கே என்று தெரியவில்லை. (வீடு வாங்கும்போது காட்டினார்கள். நான் பால்கனியில் நின்று காட்சி ரசித்துக்கொண்டிருந்தேன்.)

கீழ்க்கடைச் சீன ஆண்ட்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். எங்கள் ஆட்களோடு வியாபாரம் செய்தே தமிழ் பழகியவர்.

"தம்பி! என் கடையில மழை லா! தலவாணி எல்லாம் போச்சு!"

சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போகும் ஸ்ட்ராபெர்ரி வடிவத் தலையணைகள்தான் அவர் வியாபாரம். படிக்கட்டுக்கு அடியிலிருந்த வால்வை அவரே போய் மூடினார்.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "அண்ணே, உங்க பாலிசி நாளைக்குத்தான் பொறக்குது," என்றார். சிரிப்பை அடக்குவது நன்றாகவே கேட்டது.

நனைந்த அறுபது தலையணைகளையும் நானே வாங்கினேன். செய்தி கேட்டு ஓடிவந்த கலாவும் நானும் அவற்றைப் பிழிந்து மேல்வீடு முழுக்கப் பரப்பினோம். கடைசித் தலையணையைப் பிழிந்துகொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, குழாயைத் தொட நாள் பார்க்கலையா?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் குடும்பம் வந்து நின்றது. தரையெல்லாம் தண்ணீர், திரும்பின பக்கமெல்லாம் ஸ்ட்ராபெர்ரி, நடுவில் தலை துவட்டாத வீட்டுக்காரன். போச்சு, கலாவின் சம்பளம் போச்சு என்று நினைத்தேன். அவர்களுடைய மூன்று வயது மகள் நேரே ஓடி ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டாள். பிடுங்கப் பார்த்தபோது டவுனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"இதுவும் வீட்டோட சேர்த்தியா சார்?" என்றார் ஆசிரியர்.

"எத்தனை வேணும்?" என்றேன்.

இன்றுவரை அவர்கள்தான் குடியிருக்கிறார்கள். மிச்சத் தலையணைகள் காதுகுத்து, பிறந்தநாள், புதுவீடு என்று சொந்தக்காரர்களுக்குப் பரிசாகப் போயின. திரிங்காப்பிலிருந்து கோலா தெர்லா வரை யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் ஒன்று கிடக்கிறது. புதிதாக வந்த மருமகள் யாராவது அது என்னவென்று கேட்டால், என்னை உட்கார வைத்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள்:

"அது மாமாவுக்குக் கிடைச்ச இன்சூரன்ஸ் லா!"