முட்டிக்கு மிளகாய்த் தைலம்

அன்பு மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம், மிளகாய்ச் செடிகளும் சுகம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து எங்களைத் தரைத்தள வீட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். என் முட்டிவலி போயே போச்சு.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியா என்று சிரிப்பீர்களே, இனி அதற்கு வழியில்லை. மொட்டைமாடியில் வளர்த்த மிளகாயைக் காயவைத்து, எண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் காய்ச்சித் தடவினால் வலி மரத்துப்போகும் என்று மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். "லேசாத் தடவுங்க, புண்ணு மேல படக் கூடாது" என்றும் சொன்னார். நான் அடுப்பில் தீயைக் கூட்டி வைத்துவிட்டேன். நெடி கிளம்பி, எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார் பாதிப் பாட்டில் இருமினார், அதுவும் பாடம்தான் என்று பிள்ளைகளும் கூடவே இருமின, நான் ஜன்னலைத் திறக்க ஓடினேன், அந்த அவசரத்தில் வடிகட்டக் கைக்குக் கிடைத்த துணி உங்கள் தங்கை முகம் துடைக்கிற துண்டு. தைலத்தை முட்டியில் தடவிக்கொண்டு, துண்டை அலசி மறுபடி கொடியிலேயே போட்டேன் பாருங்க, அதுதான் என் புத்திசாலித்தனம். "பாவி மனுஷா, மூஞ்சி எரியுதே!"ன்னு ஒரு கத்தல். பாலை ஊத்திக் கழுவி எரிச்சல் அடங்கின கையோட, "தொட்டி பூராத்தையும் தூக்கிப் போட்டுட்டுதான் மறுவேலை"ன்னு அவ படியேற, நான் அவளை முந்திக்கிட்டு ஒரே மூச்சுல மொட்டைமாடி போயிட்டேன் மச்சான்! போய் நின்ன பிறகுதான் முட்டி ஞாபகமே வந்துச்சு. எல்லாம் தைலம் பண்ணின வேலை.

இப்போ கோபம் ஆறிடுச்சு. செடியைத் திட்டிக்கிட்டே அவதான் தண்ணி ஊத்துறா. நான் மிளகாய்ப் பழம் பறிக்கிறேன். இந்த வயசுல இதைவிட என்ன வேணும்? அந்தத் தரைத்தள வீட்டில் வெயிலே விழாதாம். என் செடி செத்துடும்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி, முக்கியமாக இருமலின்றி, வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குணமான முட்டியுடன்,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ரெண்டு வேளையும் வாளியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறது யாரு? உங்க முட்டி வலி எங்கயும் போகலை, எனக்கு வந்திருக்கு" என்றாள். "ஏண்டி சொல்லலை?" என்றேன். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்றாள். மச்சான், வண்டியைக் கொண்டு வாருங்கள். வெயில் விழாவிட்டால் போகட்டும். தொட்டிகளை நானே கீழே இறக்கி வைக்கிறேன்.