ஹால்ட் சாரும் பதினெட்டு இன்ச்சும்

தாம்பரத்திலிருந்து புதுச்சேரிக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று ஊர் உலகமே நம்புகிறது. நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஹால்ட் சார். அவர் திட்டப்படி அந்தச் சாலைக்கு மூன்று ஹால்ட், அதாவது மூன்று ராத்திரித் தங்கல் வேண்டும்; அந்தப் பேரே அதனால் வந்ததுதான். கோவளத்தில் ஒன்று, மாமல்லபுரத்தில் ஒன்று, மரக்காணத்தில் ஒன்று. சிரிக்காதீர்கள். தாம்பரத்தை ஒட்டிய எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்கள் சாயங்காலம் கோவளம் போய், காற்று வாங்கி, சுண்டல் தின்று, ராத்திரி தோசைக்கு வீடு திரும்பிவிடுவார்கள். அங்கே பெட்டி படுக்கையோடு போய் ரூம் போடத் திட்டமிட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ஹால்ட் சார் எங்கள் அபார்ட்மென்டில் தரைத்தள வீட்டுக்காரர். கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் சட்டைப்பையிலிருந்து இன்ச் டேப் போகவில்லை. என் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், ஹோமப் புகைக்கு நடுவே குனிந்து வாசல் நிலையை அளந்து, "அரை இன்ச் சாஞ்சிருக்கு தம்பி, நல்லா இருங்க" என்று ஆசீர்வதித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் மனைவி சாந்தா அக்காவுக்கு இரண்டு முழங்காலும் மோசம். ஆறு வருஷமாக ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் காலை மடக்கி உட்கார முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், டாய்லெட். பதினெட்டு இன்ச் உயரம் இருந்தால்தான் அக்காவால் யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து எழ முடியும். அக்காவுக்கோ ஒரே ஒரு ஆசை. கடலில் கால் நனைக்க வேண்டும். "பாத்தா போதாது, கால்ல அலை படணும்" என்பார்.

இந்த ஒரு ஆசைக்காகத்தான் ஹால்ட் சார், கோவளத்தோடு நிற்காமல் புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையையே அளக்கக் கிளம்பினார். முதலில் போனில் ஆரம்பித்தார்.

"ஹலோ, உங்க ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?"

"இருக்கு சார்."

"எத்தனை இன்ச்?"

"முப்பத்திரண்டு இன்ச் சார். எல்லா சேனலும் வரும்."

போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து நேரில்தான். பஸ் பிடித்துப் போவார், ரூமைக் காட்டச் சொல்வார், படுக்கையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக பாத்ரூமுக்குள் நுழைந்து டேப்பை விரிப்பார். மாமல்லபுரத்தில் ஒரு வாட்ச்மேன் அவரை கேட் வரைக்கும் துரத்தினான். மரக்காணத்தில் அதிகாரி யாரோ சோதனைக்கு வந்துவிட்டார் என்று பயந்து, மேனேஜர் காபி கொடுத்து, கேட்காமலே பதினோரு பாத்ரூமையும் திறந்து காட்டினார். "நல்ல பையன், பதினொண்ணும் பதினாறரை" என்று வருத்தப்பட்டார் சார். அப்புறம் அதே ஊரில் வேறொரு இடம் பிடித்தார். எல்லாம் நீளமான ஒரு நோட்டில் ஏறியது: டாய்லெட் உயரம், வாசற்படி உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா இல்லையா.

இதற்கே ஒன்றரை வருஷம் ஆயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை என் காரில் கிளம்பினோம். நான்தான் டிரைவர். இரண்டு தலையணை, ஒரு முக்காலி, அக்காவின் ஊன்றுகோல், நோட்டு. மேடவாக்கம் சிக்னலில், "சார், இந்த வேகத்துல போனா காசிக்கு எத்தனை ஹால்ட்?" என்று சீண்டினேன். "அக்கா கேக்கட்டும், போட்டுத் தரேன்" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

கோவளம் லாட்ஜில் மறுபடி அளந்தார். பதினெட்டு. அக்கா காலை நீட்டிப் படுத்து ஓய்வெடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போய்க் காரை நிறுத்தினோம்.

அங்கேதான் வந்தது வினை. காருக்கும் கடலுக்கும் நடுவே மணல். அகல அகலமான மணல். அக்கா ஊன்றுகோலை ஊன்றினார். அது பாதி உள்ளே இறங்கியது. இரண்டடி வைத்து நின்றுவிட்டார். "பரவால்லீங்க, இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்றார்.

ஹால்ட் சார் நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "மணலை எழுதலியே தம்பி" என்றார். கோவளத்துக்கு இரண்டு முறை வந்து பாத்ரூமை அளந்தவர், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடல் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை! நான் சிரித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பக்கத்தில் மீன் கூடை கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"இன்னா சார், அம்மாவுக்குக் காலு முடியலயா?"

"கடல்ல கால் நனைக்கணும்மா. மணல்ல நடக்க முடியல."

"இதுக்கா பேஜாரா நின்னுகினு கீற? யோவ்!" என்று வலை பிரித்துக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். "வூட்லேர்ந்து அந்த செவப்பு சேரை எட்த்துகினு வா. உன் தம்பியையும் கூட்டிகினு வா!"

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஹால்ட் சார் கை தானாக டேப்பை எடுத்தது. "ஒரு நிமிஷம்மா, எத்தனை இன்ச்னு..."

"நீ அளந்துகினே இரு சார், கடலு வத்திடும்!"

அண்ணன் தம்பி இருவரும் முன்னால், நானும் சாரும் பின்னால். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மணலில் தள்ளாடிப் போனோம். அக்கா கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கணுக்கால் அளவுத் தண்ணீரில் இறக்கினோம். ஒரு அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. அக்கா வீல் என்று கத்தினார். அடுத்த அலைக்குச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

அப்போது சாரின் கக்கத்திலிருந்து நோட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"சார், நோட்டு போகுது!"

"போகட்டும் தம்பி. சேரை விட முடியாது."

நான் ஓடிப் பிடிப்பதற்குள் ஒன்றரை வருஷத்து மை கரைந்து ஓடிவிட்டது. சார் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அலையில் நின்றிருந்தார்.

மற்ற இரண்டு ஹால்ட்டையும் ரத்து செய்தோம். மூன்று ராத்திரியும் கோவளம்தான், மூன்று சாயங்காலமும் அதே சிவப்பு நாற்காலிதான். புதுச்சேரி அதே இடத்தில் இருக்கிறது, இன்னும் நாங்கள் போகவில்லை.

சார் புது நோட்டு போட்டிருக்கிறார். நானும் ஒரு இன்ச் டேப் வாங்கிவிட்டேன். எந்தக் கடலோர ஊரில் ரூம் எடுத்தாலும் முதல் வேலையாக பாத்ரூமுக்குள் போய் அளக்கிறேன். பதினெட்டு இருந்தால் உடனே அவருக்கு போன். "கடலுக்கு எவ்வளவு மணல் தம்பி?" என்று கேட்பார். வெளியே போய், காலால் அளந்து சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.